பழைய கட்சி பில்லைப் பழைய கட்சிகிட்ட கேக்கவாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில சின்னதா ஒரு பிரிண்டிங் பிரஸ் வச்சிருக்கிற ஆள். கல்யாணக் காட், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்), இதுதான் வருசம் பூரா ஓடுற வேலை, தேர்தல் வந்தா தேர்தல் வேலை. உங்கட பேப்பர் எங்கட அப்பா காலத்தில இருந்து கடைக்கு வருது. கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை, எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கோங்க, ஆனா நீளம்னு சொல்லி நடுவில வெட்டிடாதீங்க ஐயா.

விசயம் என்னன்னா, கட்சி மாறுற பணக்கார அரசியல்வாதிகளைப் பத்தித்தான். இந்த மாதிரி ஒருத்தர் மாறினதும் உங்கட பேப்பர்ல ஒரு படம் வரும், தலைவர் பக்கத்தில நின்னு மெம்பர் காட் வாங்குற படம், ரெண்டு பேரும் கெமராவைத்தான் பாப்பாங்க, கீழ "இணைந்தார்"னு போட்டிருப்பீங்க. எங்க இருந்து வந்து இணைஞ்சார், அங்க யார் யாருக்கு என்ன சொல்லிட்டு வந்தார், அது ஒண்டும் இருக்காது. அந்தப் படத்தைப் பாத்தா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது என்ட மேசை லாச்சியில கிடக்கிற ஒரு பில் கொப்பி.

பேர் சொல்ல மாட்டேன். எந்தச் சபை, எந்த வருசம்னும் சொல்ல மாட்டேன், சொன்னா ஆளைப் பிடிச்சிடுவீங்க. பெரிய பணக்காரர், அரசியலுக்கு வர முந்தியே பணக்காரர், அதில சந்தேகமில்ல. ஒரு தேர்தலுக்கு அவருக்கு நோட்டீஸ் அடிச்சோம், பொக்கட் கலண்டர் அடிச்சோம், போஸ்டரும் அடிச்சோம் (ஒட்டுறது சட்டத்தில கூடாது, இருந்தும் ராத்திரி ரெண்டு மணிக்கு பசை வாளியோட போறாங்கதானே). அட்வான்ஸ் ஒரு லட்சம் குடுத்தாங்க, மிச்சம் 485,000 ரூபா தேர்தல் முடிஞ்சு தாறோம்னாங்க. முடிஞ்சது. இந்த மாசம், அடுத்த மாசம்னு இழுபட்டுக்கொண்டு இருந்தது, அதுக்குள்ள ஒரு நாள் டிவி நியூஸ்ல மனுசன் வேற நிறச் சால்வையோட நிக்கிறார்.

அடுத்த நாள் காலையிலயே ஒபிசுக்குப் போனேன். அவர்ட செக்ரட்டரி தம்பி நல்ல பொடியன், பிளேன்டீ எல்லாம் குடுத்து உக்கார வச்சு பில்லை வாங்கிப் பாத்திட்டு சொல்றான், "அண்ணே இது பழைய கட்சிக் கணக்கு, பழைய கட்சி ஒபிஸ்ல கேளுங்க." சரின்னு அங்க போனா அவங்க, "அவர் தன்ட சொந்தப் பிரசாரத்துக்கு அடிச்சதுக்கு நாங்க என்ன செய்ய, அவர்ட்டயே கேளுங்க" எண்டாங்க. நான் ரெண்டு ஒபிசுக்கும் த்ரீவீல் பிடிச்சு ஏழு தடவை போயிருக்கிறேன். ஏழாந் தடவை போகக்குள்ள வாசல்ல புது வீ8 ஜீப் ஒண்டு நிண்டது, பிளாஸ்டிக் உறை கூட சீட்ல இருந்து எடுக்கல.

அங்க நிண்டுதான் ஐயா எனக்கு ஒண்டு விளங்கினது. மனுசன் கட்சி மாறக்குள்ள எதை எதைத் தூக்கிட்டுப் போனார்? கதிரையைத் தூக்கிட்டுப் போனார். சனம் போட்ட வோட்டு, ஒதுக்கீடு, வாகனம், செக்யூரிட்டி, எல்லாம் அவரோட போச்சு. எதை விட்டிட்டுப் போனார்? கடன், குடுத்த வாக்கு, புளூமெண்டல் பக்கம் வீடு கட்டித் தாறேன்னு மேடையில சொன்ன கதை, இதெல்லாம் "பழைய கட்சிக் கணக்கு". என்ட 485,000 அதில ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

எங்கட சலூன்ல இதைச் சொன்னா உடனே ஒரு கதை வரும், "காசுள்ளவன் களவெடுக்க மாட்டான், அவனுக்கு என்ன குறை, இல்லாதவனை அனுப்பினாத்தான் அள்ளுவான்." நானும் ஒரு காலம் அப்பிடி நினைச்ச ஆள்தான். ஆனா முப்பது வருசம் கடன் குடுத்து வாங்கின அனுபவத்தில சொல்றேன், கடனைச் சொன்ன நாளில கொண்டு வந்து தாறது யாரு தெரியுமா, ஜம்பட்டா வீதியில சின்ன டெய்லர் கடை வச்சிருக்கிறவர், 1,500 ரூபா பில் புத்தகத்துக்கு மூணு தவணையா குடுப்பார், ஒரு தவணை பிந்தினா அடுத்த பக்க பேவ்மண்டால நடப்பார், வெக்கம். ஏன்னா அவர் என்ட கடை முன்னாலதான் தினமும் போகணும், நாளைக்கு மகள்ட கல்யாணக் காட்டுக்கு என்னட்டத்தான் வரணும். நம்பிக்கைங்கிறது ஆள் நல்லவனா கெட்டவனாங்கிறதில இல்ல, அவன் திரும்ப உன் முகத்தைப் பாக்க வேண்டியவனா இல்லையாங்கிறதிலதான் இருக்கு. இந்தப் பணக்கார மனுசன் கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனத்தில போறவர், கொழும்பு ஏழில இருக்கிறவர், என்ட கடை வாசலைக் கடக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்ல. தோத்தாலும் பிஸ்னஸ் இருக்கு. எங்கட வோட்டு இல்லாட்டியும் அடுத்த நாள் பகல் சோறு இருக்கு. அப்படிப்பட்டவரை எதை வச்சு நாங்க பிடிச்சு வைக்கிறது?

இன்னொண்டு, காசில்லாதவன் கட்சி மாறினா ஏன் மாறினான்னு எல்லாருக்கும் தெரியும். 2018ல ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கின அந்த 52 நாள் கூத்து நடக்கக்குள்ள எம்பிமாருக்கு எவ்வளவு பேசுறாங்கன்னு ஊரே கதைச்சது, தனக்கு விலை பேசினாங்கன்னு ஒரு எம்பியே வெளிப்படையா சொன்னார். மட்டக்களப்பில தமிழ்க் கூட்டமைப்புட வீட்டுச் சின்னத்தில வந்த ஒருத்தர் மகிந்த பக்கம் போய் பிரதி அமைச்சர் ஆனதையும் பாத்தோம். அது அசிங்கம்தான், ஆனா விளங்குற அசிங்கம். ஏற்கனவே கோடிக்கணக்கில இருக்கிற மனுசன் எதுக்கு மாறுறார்? காசுக்கு இல்லன்னா வேற எதுக்கு? கொந்தராத்துக்கா, லைசன்சுக்கா, ஏதாவது பைல் மூடவா, இல்ல உண்மையிலயே நாட்டுக்காகவா? கடைசியில சொன்னதாவும் இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்களுக்கு அதைத் தெரிஞ்சுக்க வழி இல்ல, அவரும் சொல்ல மாட்டார். 2024 கடைசியில பாராளுமன்றத்தில பார் லைசன்ஸ் லிஸ்ட் வாசிச்சாங்க, ஒரு வருசத்தில 300க்கு மேல குடுத்திருக்கிறாங்க, அந்த லிஸ்டைப் பாத்த பிறகு "காசுள்ளவனுக்கு அரசியல்ல என்ன தேவை"ன்னு கேக்கிறதை எங்கட சலூன்காரரே கொஞ்சம் குறைச்சிட்டார்.

பணக்காரரைக் கட்சிகள் ஏன் ஓடி ஓடிக் கூப்பிடுதுன்னும் பிரஸ்காரனுக்குத் தெரியும். 1989ல இருந்து விருப்பு வாக்கு முறைதானே, கட்சிக்குப் போட்டிட்டு ஆள்ட இலக்கத்துக்கும் புள்ளடி போடுற முறை, ஒரே கட்சிக்காரனோட அடிபட்டு இலக்கத்தைப் பிரபலமாக்கணும், கொழும்பு மாவட்டம்னா மட்டக்குளியில இருந்து அவிசாவளை வரைக்கும் முகத்தைக் காட்டணும், இதுக்கு நோட்டீஸ் எவ்வளவு, வேன் எவ்வளவு, பொடியன்மாருக்கு சோத்துப் பார்சல் எவ்வளவு. சொந்தக் காசில செலவழிக்கிறவர் வந்தா கட்சிக்குக் கசக்குமா? அதனால எந்தக் கட்சியில இருந்து வந்தார்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. இப்ப 2023ம் ஆண்டு 3ம் இலக்கச் சட்டம்னு ஒண்டு வந்திருக்கு, தேர்தல் செலவுக்கு ஒரு எல்லை, ரிசல்ட் வந்து 21 நாளைக்குள்ள கணக்குக் குடுக்கணும். நல்ல சட்டம். அது வந்த பிறகு என்ட கடைக்கு வந்த ஒரு வேட்பாளர்ட ஆள் கேட்ட முதல் கேள்வி என்னன்னா, "பத்தாயிரம் அடிச்சிட்டு மூவாயிரம்னு பில் போட ஏலுமா?" ஏலாதுன்னேன். வேற கடைக்குப் போயிட்டான். தேர்தல் நோட்டீஸ் எல்லாத்திலயும் அடியில அச்சகத்திட பேரும் விலாசமும் போடணும்கிறது சட்டம், அதால பொய் பில் போட்டா மாட்டுறது அவர் இல்ல, நான்.

சட்டத்தைப் பத்தி எழுதினா இன்னொண்டையும் எழுதணும். அரசியலமைப்பில 99ம் உறுப்புரை 13னு ஒண்டு இருக்கு, கட்சியை விட்டா அல்லது கட்சி நீக்கினா ஒரு மாசத்தில எம்பி பதவி போகும், நீக்கினவர் அந்த மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றம் போகலாம், நீதிமன்றம் ரெண்டு மாசத்தில முடிவு சொல்லணும். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. நடந்ததைப் பாருங்க. டெலிபோன் சின்னத்தில, ஐக்கிய மக்கள் சக்தியில வந்த ஹரீன் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் 2022 மே மாசம் ரணில்ட அரசாங்கத்தில அமைச்சர் ஆனாங்க, அவங்களை நீக்கினது சரின்னு உயர் நீதிமன்றம் சொன்னது 2024 ஆகஸ்ட் 9. பாராளுமன்றத்தைக் கலைச்சதே அந்த செப்டம்பர் 24. ரெண்டு வருசத்துக்கு மேல அமைச்சர், சீட் இல்லாம இருந்தது ஒண்டரை மாசம். முஸ்லிம் காங்கிரஸ்ல வந்த நசீர் அஹமட்ட வழக்கும் அப்பிடித்தான், கட்சி சொன்னதுக்கு எதிரா அவர் பட்ஜெட்டுக்கு வோட் போட்டது 2021ல, சீட் போனது 2023 ஒக்டோபர்ல.

அதைவிட எனக்குப் பெரிய குறை வேற. சீட் போனா அந்த இடத்துக்கு லிஸ்ட்ல அடுத்த ஆள் வாறார். இடைத்தேர்தல் இல்ல. கட்சி நீக்கும், கோட் தீர்ப்பு சொல்லும், லிஸ்ட்ல இருக்கிறவர் சத்தியப்பிரமாணம் செய்வார், வோட் போட்ட நாங்க இந்தப் பந்தியில எந்த வரியிலயும் இல்ல. சட்டத்துக்கு முன்னால அந்தக் கதிரை கட்சிட சொத்து, மனுசனைப் பொறுத்தவரை அது அவர்ட சொத்து, எங்கட சொத்துன்னு யாருமே சொல்லல.

கட்சி மாறுறதே பிழைன்னு நான் சொல்ல வரல, அது அநியாயம். 1964 டிசம்பர்ல அமைச்சரா இருந்த சி.பி. டி சில்வா 13 பேரோட எதிர்ப் பக்கம் போய் பிரதமர் ஸ்ரீமாவோட அரசாங்கம் 74க்கு 73னு ஒரே ஒரு வோட்ல விழுந்தது, அப்பா இதைச் சொல்லாத நாளில்ல, ஏன்னா அதுக்குப் பின்னால இருந்த பிரச்சினைகள்ல ஒண்டு லேக் ஹவுஸ் பேப்பர் கம்பனியை அரசாங்கம் எடுக்கிற மசோதா, பேப்பர் வேலை செய்றவங்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. அவர் செய்தது சரியா பிழையான்னு இன்னும் அடிபடலாம், ஆனா மூணு நாலு மாசத்தில, 1965 மார்ச்ல, தேர்தல், எல்லாரும் சனத்துக்கு முன்னால போய் நிண்டாங்க. 2014ல மகிந்தட அமைச்சரா இருந்த மைத்திரிபால ராத்திரி மகிந்தவோட ஆப்பம் சாப்பிட்டிட்டு அடுத்த நாள் மாறினதை நாங்க என்ன துரோகம்னா சொன்னோம்? சிரிச்சோம், ஜனவரி 8ம் திகதி ஜனாதிபதித் தேர்தல்ல கியூல நிண்டு அவருக்கு வோட் போட்டோம், நானும்தான். எங்கட பக்கம் பாய்ஞ்சா தைரியம், அந்தப் பக்கம் பாய்ஞ்சா துரோகம்கிற இந்த வியாதி எங்களுக்கும் இருக்கு, அதை ஒத்துக்கத்தான் வேணும். ஆனா அந்த மனுசன் ரெண்டு மாசத்துக்குள்ள சனத்துட்ட வந்து கேட்டார். அதுதான் வித்தியாசம். 1979ல சொல்லின் செல்வர் இராஜதுரை மட்டக்களப்பில தமிழர் விடுதலைக் கூட்டணிட உதயசூரியன்ல வென்றிட்டு ஜே.ஆர். பக்கம் போகக்குள்ள சனத்துட்ட கேக்கல, 2007ல 18 யூஎன்பி எம்பிமார் ஒரே அடியா மகிந்தட்ட போகக்குள்ளயும் கேக்கல, அந்த நேரம் அமைச்சர், பிரதி அமைச்சர் எல்லாம் சேத்து 100க்கு மேல, விசிட்டிங் காட் அடிக்கிற எங்களுக்கு நல்ல காலம்.

கொழும்பு மாநகர சபையையும் விட ஏலாது, எங்கட வாசல் குப்பை அள்ளுற சபை அதுதானே. 2025 மே 6 தேர்தல்ல 117 பேர்ல 48 பேரை எடுத்த கட்சிக்கு ஜூன் 16 மேயர் தெரிவில 61 வோட் விழுந்தது, மத்தவருக்கு 54. ரகசிய வாக்கெடுப்பு. நான் புது மேயரைக் குறை சொல்லல, மேயரா ஒரு பொம்பிளை வந்தது எனக்குச் சந்தோசம்தான், ஆதரவு தேடிச் சேக்கிறதும் அரசியல்தான். என்ட கேள்வி சின்னது. என்ட வட்டாரத்தில நான் போட்ட ஆள் அண்டைக்கு எந்தப் பக்கம் கை போட்டார்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நான் வோட் போடுறது ரகசியம், சரி, எனக்காகப் போனவர் போடுறதும் எனக்கே ரகசியமா?

திரும்ப என்ட ஆளுக்கு வாறேன். பில் காசு வரவே இல்ல, அதுக்கிடையில 2022 வந்தது, தாள் இல்லாம பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப் போச்சு, பேப்பர்க் கம்பனிகள் பக்கத்தைக் குறைச்சாங்க, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. இப்ப அந்த 485,000த்தைத் தந்தாலும் அண்டைக்கு வாங்கின தாள்ல பாதி கூட வாங்க ஏலாது. அப்பிடி இருக்கக்குள்ள, அடுத்த தேர்தலுக்கு அதே செக்ரட்டரித் தம்பி ஒரு பென்டிரைவோட கடைக்கு வந்து நிக்கிறான். "அண்ணே, நோட்டீஸ்."

நீங்க என்ன நினைப்பீங்கன்னு தெரியும், கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பேன்னு. இல்ல ஐயா. முழுக் காசும் முன்னால வைன்னு சொன்னேன், அவன் அந்த இடத்திலயே எண்ணி வச்சான், எடுத்தேன். மெஷின் லீசிங் கட்டணும், ரெண்டு பொடியன்மாருக்குச் சம்பளம் குடுக்கணும். பழைய பில்லைப் பத்திக் கேட்டேன், "அது வேற அண்ணே" எண்டான்.

டிசைன் செய்ற பொடியன் கம்ப்யூட்டர்ல பழைய பைலைத் திறந்து, "இதில சின்னத்தையும் நிறத்தையும் மாத்தினா முடிஞ்சுதே, வாசகம் கூட அதேதான்" எண்டு சிரிக்கிறான். உண்மைதான், "சொன்னதைச் செய்பவர்"னு போன தடவை போட்டது அப்பிடியே இருக்கணுமாம். படமும் அதே படம். ஆனா அந்தப் படத்தில ஒரு சிக்கல், அதில அவர் பழைய கட்சித் தலைவரோட நிக்கிறார், தலைவர் அவர்ட தோள்ல கை போட்டிருக்கிறார். தலைவரை வெட்டி எடுத்தாச்சு. கை மட்டும் போகல. புரூஃப் பாக்கக்குள்ள இடது தோள்ல நாலு விரல் அப்பிடியே நிக்குது, மோதிரம் வேற. பொடியன் அழிக்கப் பாத்தான், அழிச்சா சேட் மடிப்பு கோணலாப் போகுது, புதுசா ஒரு படம் அனுப்புங்கன்னு கோல் எடுத்தா நேரமில்ல, நாளைக்கு நோட்டீஸ் வேணுமாம். கொஞ்ச நேரத்தில அந்தப் பக்கத்தில இருந்து யோசனை வந்தது, "ஒரு மாலையைப் போட்டு மறைச்சு விடுங்க." மாலை போட்டோம். கோயில் நோட்டீஸ்க்கு வச்சிருந்த மல்லிகை மாலை ஒண்டு பைல்ல இருந்தது, அதைத்தான் போட்டோம். உத்துப் பாத்தா மோதிரம் ரெண்டு பூவுக்கு நடுவில இப்பவும் தெரியும், என்னட்ட ஒரு கொப்பி இருக்கு.

அந்த நோட்டீஸ்ல அடியில எங்கட பிரஸ்ட பேர் இருந்தது. வீட்டில என்ட மகள் அதைப் பாத்திட்டு, "அப்பா, இவர் உங்களுக்குக் காசு தராதவர்தானே?" எண்டு கேட்டாள், பதினாலு வயசு. ஓம்னேன். வேற ஒண்டும் சொல்ல வரல.

நான் உங்கட்ட கேக்கிறது பெரிய விசயம் இல்ல. சட்டத்தை மாத்துங்கன்னு உங்களுக்கு எழுதிப் பிரயோசனமில்ல, அதை மாத்த வேண்டியவங்க 225 பேர். கதிரையை விட்டிட்டு மாறு, மாறினா திரும்ப வந்து வோட் கேளுன்னு ஒரு சட்டம் வந்தா நல்லது, அதுக்கு இடைத்தேர்தல் முறை திரும்ப வரணும், இப்போதைக்கு நடக்கிற கதையாத் தெரியல. பேப்பர்காரங்க உங்களால செய்யக் கூடியது ஒண்டு இருக்கு. ஒருத்தர் கட்சி மாறினா, அடுத்த தேர்தல் வரைக்கும் அவர்ட பேர் வாற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில அடைப்புக்குறி போட்டு, சனம் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டு அவரை அனுப்பினாங்கங்கிறதைப் போடுங்க. யானையில வந்தவர், மொட்டுல வந்தவர், டெலிபோன்ல, திசைகாட்டியில, மரத்தில, மயில்ல, சேவல்ல, வீட்டில வந்தவர், யாரா இருந்தாலும், உங்களுக்குப் பிடிச்சவரா இருந்தாலும். ரெண்டே சொல்லுதானே, இடம் போகாது. "இணைந்தார்"ங்கிற சொல்லையும் அப்பப்ப "விட்டுச் சென்றார்"னு மாத்திப் பாருங்க.

அவர்ட ஆக்கள் உங்கட பேப்பரை தினமும் வாசிக்கிறவங்க, எனக்குத் தெரியும், அந்த ஒபிஸ் மேசையில கிடக்கிறதைப் பாத்திருக்கிறேன். அதனால அவங்களுக்கும் ஒரு வரி: பில் இலக்கம் 1147, கார்பன் கொப்பியில சைன் அழியல, கடை காலையில எட்டரைக்குத் திறப்போம், ஞாயிறு லீவு.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை அச்சகக்காரன்